தோரியனைற்: பாரத்தால் இனங்காணப்படும் கருங்கல்

இலங்கை மண்ணில் முதன்முதலில் இனங்காணப்பட்ட அரிய கனியங்களில் ஒன்று தோரியனைற். 1904 ஆம் ஆண்டு பலாங்கொடைப் பகுதியின் மாணிக்கக் கற்படைகளில் கிடைத்த கரிய, பாரமான சிறு கற்கள் முதலில் யுரேனினைற் என்றே கருதப்பட்டன. இலண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் அவற்றைப் பகுப்பாய்வு செய்த விந்தம் டன்ஸ்ரன், அவற்றின் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனக் கண்டு, புதிய கனியத்துக்கு தோரியனைற் எனப் பெயரிட்டார்.

இக்கண்டுபிடிப்போடு இணைத்துப் பேசப்படுபவர் ஆனந்த குமாரசுவாமி. சட்டநிரூபண சபை உறுப்பினராயிருந்த சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன். பின்னாளில் கலை வரலாற்றறிஞராக உலகப் புகழ் பெற்ற இவர், அப்போது இலங்கைக் கனிய அளவைப் பணியின் இயக்குநராக இருந்தார்.

வெளிக்களத்தில் இக்கல்லை எப்படி இனங்காண்பது?

முதலில் இடம். சப்ரகமுவவின் ஆற்றுப் படுகைகளிலும் மாணிக்கக் குழிகளிலும், சரளையைக் கழுவிய பின் கூடையின் அடியில் தங்கும் கருமணலில் இதைத் தேடலாம். யாழ் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் இதை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து வடிவம். தோரியனைற் பெரும்பாலும் சிறு கனசதுரமாகக் கிடைக்கும். ஆற்றில் உருண்டு வந்ததால் விளிம்புகள் மழுங்கியிருக்கும். நிறம் கருமை அல்லது கரும்பழுப்பு. சாதாரண கைக்காந்தம் அதை இழுக்காது. காந்தத்தில் பாய்ந்து ஒட்டினால் அது மக்னரைற் எனப்படும் இரும்புக் கனியமாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாரம். ஒரு சென்ரிமீற்றர் கனசதுரமான தோரியனைற் ஏறத்தாழ 9.7 கிராம் நிறுக்கும். அதே அளவு இல்மனைற் 4.7 கிராம், சாதாரண வெண்கல்லான குவாட்ஸ் 2.65 கிராம் மட்டுமே. கல்லை முதலில் காற்றிலும், பின்னர் நூலில் கட்டி நீரில் முழுதாக மூழ்கவிட்டும் நிறுக்க வேண்டும். காற்றில் உள்ள நிறையை, நீரில் குறைந்த நிறையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். காற்றில் 9.7 கிராம், நீரில் 8.7 கிராம் என்றால் குறைந்தது 1 கிராம், அடர்த்தி 9.7.

கல்லைப் பீங்கானில் உரசித் தூளின் நிறம் பார்ப்பது கனியம் தேடுவோரின் வழக்கம். இங்கு அதைச் செய்யக்கூடாது. தோரியனைற் கதிரியக்கமுள்ளது, அதன் தூள் மூச்சுடன் உட்செல்வதே பெரிய ஆபத்து. உடைக்கவோ அரைக்கவோ வேண்டாம். சட்டைப்பையிலோ படுக்கையறையிலோ வைக்கவும் வேண்டாம். தொட்டால் கைகளைக் கழுவுங்கள்.

கைகர் கருவி கல்லின் அருகே விரைவாக ஒலித்தால் சந்தேகம் வலுப்படும். ஆனால் முடிவு அதுவல்ல. யுரேனினைற்றும் கரியது, பாரமானது, கதிரியக்கமுள்ளது, கனசதுரமாகவும் கிடைப்பது. தோரியமும் யுரேனியமும் ஒரே பளிங்கில் கலந்தும் இருக்கும். 1904 இல் அறிந்தவர்களே மயங்கியது இதனால்தான். வெளிக்களம் சந்தேகத்தை மட்டுமே தரும். பெயரைத் தருவது ஆய்வுகூடம்.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு நெருக்கமான கனியம் வேறு. புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் இல்மனைற், றூட்டைல், சிர்கோன் என்பவற்றுடன் மொனசைற்றும் சிறிதளவு உண்டு. மொனசைற்றிலும் தோரியம் இருக்கிறது. அது தேன்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையான, உருண்ட மணல்மணி. அடர்த்தி ஏறத்தாழ 5. மணலைக் கறுப்பாக்குவது இல்மனைற்றே. ஆகவே கரையில் கருமணல் கண்டவுடன் "இது தோரியம்" என எண்ணுவதும் தவறு, அதில் எதுவுமில்லை என ஒதுக்குவதும் தவறு. கனிய மணல் அகழ்வு காணியோடும் கடற்றொழிலோடும் மோதும் ஊர்களில், தம் மணலில் என்ன இருக்கிறது என்பதை அறிந்து பேசும் மக்களின் கேள்வியை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. போர் நடந்த நிலத்தில் மண்ணுக்குள் தென்படும் கரிய, பாரமான, துருவேறிய பொருள் கல்லாக இல்லாமலும் இருக்கலாம். கல்தான் என்று உறுதியில்லாத எதையும் தொடாதீர்கள், தோண்டாதீர்கள், காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். அங்கேயே விட்டு, வந்த வழியே திரும்பி, பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியாளருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கல்தான் என்று உறுதியானால், கண்ட இடத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தை நாடலாம். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கனியங்களை அகழ அனுமதிப்பத்திரம் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.