சொன்ன பேச்சுக் கேட்கும் உலை பிறந்த கதை

கத்திக்கு உயிர் கொடுப்பது சம்மட்டி இல்லை, தோய்ச்சல். அடித்து, தட்டி, ராவி முடித்த கத்தியைக் கடைசியாக ஒருமுறை செந்நிறம் வரக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கியெடுத்தார்கள் கொல்லர்கள். சூடு குறைந்தால் விளிம்பு மழுங்கியது. கூடினால் எஃகின் படிக மணிகள் பருத்து, கத்தி கண்ணாடிபோல் உடைந்தது. பல நாள் உழைப்பு நின்றதும் விழுந்ததும் அந்தச் சில நொடிகளில்தான். அதற்கு அளவுகோல் கண் ஒன்றே. அந்தக் கண்ணும் மத்தியானம் ஒன்று சொன்னது, மேகம் மூடினால் வேறொன்று சொன்னது. அதனால்தான் கொல்லர்கள் பட்டறையை இருட்டாகவே வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் காந்தம் துணைக்கு வந்தது. ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் இரும்பைக் காந்தம் கைவிட்டுவிடும். 'காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் காய்ச்சு' என்பது பட்டறைப் பாடம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? விடை தேடிக் கிளம்பிய ஒருவருக்கும் எஃகுக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் ஜோசையா வெட்ஜ்வுட், இங்கிலாந்தின் பேர்போன பீங்கான் வியாபாரி, சார்லஸ் டார்வினின் தாய்வழித் தாத்தா. சூளையின் சூடு தெரியாமல் சரக்கு பாழாவது அவருக்குப் பொறுக்கவில்லை. பாதரச வெப்பமானியால் பயனில்லை, 357 டிகிரி செல்சியஸிலேயே பாதரசம் கொதித்துவிடும். சுட்டால் களிமண் சுருங்கும் என்பது குயவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெட்ஜ்வுட் அந்தச் சுருக்கத்தையே அளந்தார். சிறு களிமண் துண்டுகளைச் சூளையில் போட்டெடுத்து, போகப்போகக் குறுகும் பித்தளைக் காடியில் தள்ளிப் பார்த்தார். துண்டு எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு சூடு. 1782-இல் ராயல் சொசைட்டியில் இதைச் சமர்ப்பித்தார். மறு ஆண்டே அதன் உறுப்பினரானார். ஆனால் அவர் கணக்குப்படி வார்ப்பிரும்பு உருகியது 17,977 டிகிரி ஃபாரன்ஹீட்டில்! உண்மை அளவு 2,100-ஐ ஒட்டியது. சூரியனின் மேற்பரப்பே 10,000-ஐத் தாண்டாது என்று இன்று தெரியும். எந்தச் சூளை அதிகச் சூடு என்று அந்தக் காடி சரியாகச் சொன்னது, எவ்வளவு சூடு என்பதில்தான் கோட்டைவிட்டது. சரியான அளவுகோல் 39 ஆண்டுகள் கழித்து பெர்லினில் ஒருவர் கையில் கிடைத்தது. கிடைத்தது என்ன என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

1821-இல் தாமஸ் சீபெக், செம்பையும் பிஸ்மத்தையும் இரண்டு முனைகளிலும் இணைத்து ஒரு வளையமாக்கினார். ஒரு முனையைச் சூடாக்கியதும் பக்கத்திலிருந்த திசைகாட்டி முள் திரும்பியது. மின்சாரம் பாய்ந்தால் முள் திரும்பும் என்று டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் அதற்கு முந்தைய ஆண்டுதான் காட்டியிருந்தார். ஆனாலும் சீபெக், வெப்பத்திலிருந்து நேராகக் காந்தமே பிறப்பதாகச் சாதித்தார். பூமத்திய ரேகை சூடு, துருவம் குளிர், பூமி காந்தமானதும் இப்படித்தான் என்பதுவரை போனார். அது மின்சாரம்தான் என்று ஓர்ஸ்டெட் விளக்கியும் மனிதர் மசியவில்லை. கண்டுபிடிப்பு சீபெக்குடையது, அதன் பொருள் ஓர்ஸ்டெட்டுடையது. சூட்டை மின்சாரமாக மாற்றிச் சொல்லும் ஒரு ஜோடிக் கம்பி உலகத்துக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் பிரான்ஸின் பெரிய பரிசோதகர் ரெஞ்ஞோ, இரும்பும் பிளாட்டினமும் சேர்ந்த ஜோடியைச் சோதித்துவிட்டு, நம்பத்தகாதது என்று ஒதுக்கினார். பெரியவர் ஒதுக்கியதை எடுக்க ஆளில்லை. அதற்குள் ரஷ்யாவில் பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கின.

எதிரியின் மேல் அல்ல, சுட்டவர்கள் முகத்திலேயே. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஒபுகோவ் ஆலை வார்த்த எஃகுக் குழல்களில் சில ஆண்டுக்கணக்கில் உழைத்தன, சில சோதனையின்போதே சிதறின. ஒரே ஆலை, ஒரே எஃகு. காரணம் தேட வந்தவர் இளம் பொறியாளர் திமீத்ரி செர்னோவ். அவர் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி முறிவைப் பார்த்தார். வெடித்தவற்றில் மணிகள் பருமன், தாங்கியவற்றில் பட்டுப்போல் நுணுக்கம். அப்படியானால் குற்றம் எஃகில் இல்லை, காய்ச்சிய சூட்டில். உலையருகே நின்று சிவந்த எஃகைப் பார்த்துப் பார்த்தே இரண்டு எல்லைகளைக் கண்டறிந்தார். முதல் எல்லையைத் தொடாத எஃகை எவ்வளவு வேகமாகக் குளிர வைத்தாலும் அது கடினமாகாது. இரண்டாவதைத் தொட்டால் மணிகள் கரைந்து புதிதாக, நுண்ணியதாகப் பிறக்கும். 1868-இல் இதை அவர் அறிவித்தபோது, கொல்லர் பரம்பரையின் ரகசியம் அறிவியலானது. கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கண்ணால் சாதித்த இந்த ஒன்றையே இந்தக் கதையின் உச்சம் என்று சொல்லலாம். ஒரே ஒரு குறை. முதல் எல்லைக்கு அவர் கொடுத்த அடையாளம் 'இருண்ட செர்ரிப்பழச் சிவப்பு'. மறுபடியும் நிறம்! எண்ணுக்கு இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1880-களின் நடுவில் பிரான்ஸின் லெ ஷாத்தலியே, ரெஞ்ஞோ ஒதுக்கியதைத் தூசி தட்டி எடுத்தார். கோளாறு தத்துவத்தில் இல்லை, இரும்புக் கம்பியில் இருந்தது. இரும்பை விட்டுவிட்டு ஒருபுறம் பிளாட்டினம், மறுபுறம் பத்து சதவீத ரோடியம் கலந்த பிளாட்டினம் என்று மாற்றியதும் முள் ஆட்டத்தை நிறுத்தியது. அதே கம்பியைக் கொண்டு அவர் நாட்டவரான ஓஸ்மோன், செர்னோவின் எல்லைகளுக்கு டிகிரி கணக்கில் எண் கொடுத்தார். எல்லாம் சரி, பிளாட்டினத்தை வாங்க எந்தக் கொல்லனால் முடியும்? மலிவான கம்பி வந்த வழிதான் வேடிக்கை.

சிகாகோவில் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்று ஒரு வேதியியலர். பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கும் இன்றைய சாக்குக்கட்டியை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவருடைய ஆய்வகத்தில் உலோகக் கலவைகளோடு மல்லுக்கட்டிய ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து, செஞ்சூட்டிலும் எரிந்து போகாத கம்பி ஒன்றை உருவாக்கி 1906-இல் காப்புரிமை பெற்றார். ரொட்டி வாட்டும் டோஸ்டரும் மின்சார ஹீட்டரும் இந்தக் கம்பியால்தான் வீட்டுக்கு வந்தன. அதே குடும்பத்தில் பிறந்தவை குரோமெல், அலுமெல் என்ற இரண்டு கம்பிகள். இரண்டையும் ஒரு நுனியில் பற்றவைத்தால் போதும், 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ 33 மில்லிவோல்ட் கிடைத்தது. சூடு சொல்லும் ஜோடிக் கம்பி, அதாவது தெர்மோகப்பிள், கடைச்சரக்கு விலையில் தயார். ஆனால் சூட்டைத் தெரிந்துகொள்வது ஒன்று, பிடித்து நிறுத்துவது வேறு. நெருப்பைக் கூட்டினால் அளவைத் தாண்டியது, குறைத்தால் அதற்கும் கீழே போய் விழுந்தது. இதற்கு வழி உலைக்களத்தில் கிடைக்கவில்லை, கப்பலில் கிடைத்தது.

ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கா வந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பல் தானே திசை பிடித்து ஓட வழி தேடினார். தேர்ந்த சுக்கானி செய்ததைக் கவனித்தார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை. இதுவரை எவ்வளவு நேரம் விலகியே இருந்தது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் சேர்த்தே சுக்கானைத் திருப்பினான். இந்த மூன்றையும் 1922-இல் கணிதமாக எழுதினார் மினோர்ஸ்கி. 'நியூ மெக்சிகோ' என்ற போர்க்கப்பலில் சோதனை நன்றாகவே நடந்தது. ஆனால் மாலுமிகளுக்குப் பிடிக்கவில்லை, கடற்படை கருவியை ஏற்கவில்லை. கடல் கைவிட்டதை ஆலைகள் எடுத்துக்கொண்டன. 1942-இல் டெய்லர் கருவி நிறுவனத்தைச் சேர்ந்த சீக்லரும் நிக்கல்ஸும், அந்த மூன்றையும் எந்த விகிதத்தில் கலப்பது என்று எளிய விதிகள் வகுத்தார்கள். இந்தக் கணக்கைத் தானே போடும் பிஐடி கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டி, பால் பண்ணை முதல் பெட்ரோல் ஆலைவரை புகுந்தது. கொல்லன் வாசலுக்கு மட்டும் வரவில்லை.

வரவழைத்தது ஒரு பரீட்சை. 1976-இல் அமெரிக்காவில் பில் மோரன் முதலியோர் கத்திக் கொல்லர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே தேர்ச்சி பெறும் கத்தி தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரக்கட்டையைக் கொத்த வேண்டும், அதற்குப் பிறகும் மயிரைச் சிரைக்க வேண்டும், கடைசியாக இடுக்கியில் வைத்து 90 டிகிரி வளைத்தாலும் உடையக் கூடாது. கண்ணளவை நம்பினால் தேர்வது சந்தேகம். மின்சார உலையோ விலை கூடுதல். உருகிய உப்புத் தொட்டியோ, ஈரம் பட்டால் வெடித்துத் தெறிக்கும். அப்போதுதான் பட்டறை மூலையில் கிடந்த எண்ணெய் டிரம்மும் கேஸ் சிலிண்டரும் கண்ணில் பட்டன.

டிரம்மை நிமிர்த்தி நிறுத்தி, உட்புறம் செராமிக் நார்ப் போர்வை சுற்றினார்கள். வெண்களிமண்ணை உருக்கி நூலாக ஊதித்தான் அந்த நாரை முதலில் செய்தார்கள், ஆக வெட்ஜ்வுட்டின் களிமண் இங்கேயும் வந்துவிட்டது. பர்னரை அடிப்பக்கத்தில் சாய்வாகச் செருக, தீ கத்தியைத் தொடாமல் சுவரோரம் சுழன்று ஏறியது. கத்தி வளைந்து போகாமலிருக்க அதை மேலிருந்து தொங்கவிட்டார்கள். கேஸ் இரண்டு குழாய்களில் வந்தது. ஒன்று அணையாமல் எரியும் சிறு சுடருக்கு, மற்றொன்று மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு வழியாக. கத்தியருகே தெர்மோகப்பிள் சூட்டைச் சொல்ல, மினோர்ஸ்கியின் சுக்கானி பெட்டிக்குள் உட்கார்ந்து, வால்வை எத்தனை நொடி திறப்பது, எத்தனை நொடி மூடுவது என்று கணக்குப் போட்டான். பல கார்பன் எஃகுகளுக்கு 815 டிகிரிதான் பதம். பெட்டியில் 815 என்று அழுத்தினால் உலை அங்கேயே நின்றது. தோய்ச்சல் வெப்பத்தைத் தானே பிடித்து நிற்கும் கேஸ் உலை இப்படித்தான் பிறந்தது.

ஒரு வில்லங்கம் இன்னும் தீரவில்லை. எஃகின் கார்பன் எரிந்து போகாமலும் செதிள் கட்டாமலும் இருக்க, தீயில் கேஸைச் சற்றுத் தூக்கலாக வைக்கிறார்கள். காற்று குறைந்த அந்தத் தீதான் குரோமெல் கம்பியிலுள்ள குரோமியத்தை அரிக்கிறது. அரிபட்ட கம்பி சூட்டைக் குறைத்துச் சொல்ல, பெட்டி அதை நம்பிக் கேஸைக் கூட்ட, கத்தி அளவுக்கு மேல் காய்கிறது. அதனால் கம்பிக்கு உறை போடுவதும் அவ்வப்போது சோதிப்பதும் அவசியம். சோதனைக்குச் செலவில்லை. சுத்தமான உப்பு உருகுவது 801 டிகிரியில். உறையோரம் வைத்த உப்பு உருகும்போது பெட்டி 780 என்று காட்டினால், மாற்ற வேண்டியது கம்பியைத்தான்.