மலையாளிக்கு இல்லாத மதச் சுவர்: ஏற்காட்டிலிருந்து 1950 ஆணையைப் படித்தல்

ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நமக்கு அந்த மலையில் பார்க்க வேறொன்று இருக்கிறது. மதச்சார்பற்றது என்று சொல்லிக்கொள்ளும் இந்திய அரசு, மதத்தை ஆளுக்கொரு தராசில் எப்படி நிறுக்கிறது என்பதைச் சேர்வராயன் மலையை வைத்தே சொல்லிவிடலாம்.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் வந்தன, துரைமார் பங்களாக்கள் வந்தன, தேவாலயங்களும் கான்வென்ட்டும் வந்தன. 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே அங்கு இருந்தவர்கள் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்வார்கள். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் ஆண்டுதோறும் மே மாதம் அவர்கள் எடுக்கும் விழாவுக்குச் சுற்றுவட்ட மலையூர்கள் எல்லாம் திரண்டு வரும்.

தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மலையாளிகள் போதவில்லை. சமவெளியிலிருந்து கூலிகள் ஏறி வந்தார்கள். அவர்களில் சேரி மக்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் மிஷன் கோயிலுக்கும் போனார்கள்.

இனி ஒரு கணக்கு. ஒரே தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மலையாளி, இன்னொருவர் பறையர். இருவரும் கிறித்தவர்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பூசை. இருவரின் பிள்ளைகளும் கல்லூரிக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். மலையாளிப் பெண்ணின் மகள் பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். கிறித்தவர் என்பது அவளுக்குத் தடையில்லை. பறையர் பெண்ணின் மகளுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைப்பது ‘மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்’ என்ற பெயரில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். பட்டியல் சாதி அவளுக்கு இல்லை.

ஏன்? 1950இல் குடியரசுத் தலைவர் இரண்டு ஆணைகள் பிறப்பித்தார். பழங்குடியினர் ஆணையில் மதம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மலையாளிகளுக்கு அதில் ஒரு வரம்பு உண்டுதான்: சேலம், தருமபுரி உள்ளிட்ட பழைய ஆறு மாவட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன. மாவட்ட எல்லை உண்டு, மத எல்லை இல்லை. மதம் மாறிய பழங்குடி ஒருவர் தம் இன மரபுகளோடு உறவை அறுத்துவிட்டாரா என்று வேண்டுமானால் பார்க்கலாம், மதமாற்றம் மட்டுமே தகுதியைப் பறிக்காது என்று 2004இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டியல் சாதிகள் ஆணையில் மட்டும் மூன்றாம் பத்தி என்று ஒன்று இருக்கிறது. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்பது 1950இல் அதன் சாரம். சீக்கியர்களில் நான்கு சாதிகளுக்கு மட்டும் அப்போதே விலக்கு கொடுத்தார்கள். 1956இல் எல்லாச் சீக்கிய தலித்துகளையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே.

இது சுதந்திர இந்தியா புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெள்ளைக்கார அரசு 1936இல் வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையிலேயே, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்ற வரி இருந்தது. காலனியக் கோப்பிலிருந்து குடியரசின் கோப்புக்கு அது நடந்து வந்தது. 1950இல் சட்ட அமைச்சராக இருந்தவர் அம்பேத்கர்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவரே இந்து மதத்தைவிட்டு வெளியேறினார். அவரோடு பௌத்தம் தழுவிய மக்கள் ஒன்றிய அரசின் பட்டியலுக்குள் வர 34 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்த மூன்றாம் பத்தியின் விலையை முதலில் கொடுத்தவர்களில் பாபாசாகேபின் மக்களும் உண்டு.

இளம் தோழர்கள் இரண்டு வழக்குகளைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கோலார் தங்கவயலில், நம் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தனித்தொகுதியில், 1967இல் வென்றார் எஸ். ராஜகோபால். அவர் கிறித்தவராக மாறியவர் என்று சொல்லித் தேர்தல் ரத்தானது. 1972இல் மறுபடி வென்றார், மறுபடி வழக்கு. இந்த முறை உச்ச நீதிமன்றம், அவர் இந்துவாகத் திரும்பிவிட்டார், ஆதிதிராவிடர்கள் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டார்கள், எனவே தேர்தல் செல்லும் என்றது. நாம் கேட்பது இதுதான்: மதம் மாறியபோது சாதி தொலைந்துவிட்டது என்றால், திரும்பி வந்தபோது அது எங்கிருந்து கிடைத்தது?

இரண்டாவது, சென்னையின் சூசை. சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர். அரசு அப்படிப்பட்ட தொழிலாளர்களுக்குப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் அதே தோலை, அதே ஊசியால் தைத்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்றது. பட்டியலில் இருக்கும் வேறு எந்தச் சாதியின் தனிமனிதரும் இப்படி ஆதாரம் கொண்டுவந்து நிற்க வேண்டியதில்லை.

ஆதாரம் வேண்டுமென்றால் திருச்சபைக்குள்ளேயே கிடக்கிறது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது என்ன நடந்தது? ஒரே கோயிலைச் சேர்ந்த ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். சபைக்குள் சாதி இருக்கிறது என்று கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தன் தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. தில்லியில் பட்டியல் உரிமை கேட்கும் ஆயர்கள், தங்கள் கல்லறைச் சுவர்களை முதலில் இடிக்கட்டும் என்று நாம் சொல்வதும் அதனால்தான். அவர்கள் செய்த பாவத்துக்குச் சேரிப் பெண்ணின் மகள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் சில கல்விச் சலுகைகள் மதம் மாறியவர்களுக்கும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களைக் காக்காது. தனித்தொகுதியில் நிற்க முடியாது. இங்கேயும் ஏற்காடு பாடம் சொல்கிறது. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. கிறித்தவ மலையாளி ஒருவர் அங்கே வேட்பாளராக நிற்கச் சட்டத்தில் தடையில்லை. பட்டியல் சாதித் தனித்தொகுதி எதிலும் கிறித்தவத் தலித் நிற்க முடியாது.

இந்துவாக இருக்கும் நம் தோழர்களில் பலர் தயங்குகிறார்கள். இருக்கும் 18 விழுக்காட்டில் இன்னும் பங்காளிகளா என்று கேட்கிறார்கள். அந்த அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது, நியாயமான அச்சம்தான். மக்கள்தொகை கூடும்போது விழுக்காடும் கூட வேண்டும் என்று சேர்த்தே கேட்பதுதான் அதற்கு விடை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்து, கால நீட்டிப்பும் கொடுத்தது.

மலையாளிகளின் நிலையும் நிரந்தரம் என்று எண்ணிவிடாதீர்கள். மதம் மாறிய பழங்குடியினரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று ஜனஜாதி சுரக்ஷா மஞ்ச் போன்ற அமைப்புகள் வட மாநிலங்களில் பேரணி நடத்திக்கொண்டிருக்கின்றன. கீழே இருக்கும் சுவரை இடிப்பதற்குப் பதில், அதை மலைமேலும் கட்டப் பார்க்கிறார்கள். சேர்வராயனைக் கும்பிடுகிறவரா, சிலுவையைக் கும்பிடுகிறவரா என்று கோட்டாட்சியர் கேட்கும் நாள் வந்தால், காப்பித் தோட்டத்தின் இரண்டு பெண்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள், வெறுங்கையோடு.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்பட இருக்கிறது. இதுவரையான கணக்கெடுப்புகளில் மதம் கிறித்தவம் என்று சொன்னவருக்குப் பட்டியல் சாதி என்ற கட்டம் மூடியே இருந்தது. கிறித்தவ, முஸ்லிம் தலித் குடும்பங்களுக்குச் சென்று, மதத்தோடு சாதிப் பெயரையும் மறைக்காமல் சொல்லச் சொல்லும் வேலையை இப்போதே தொடங்குவோம். ஏற்காட்டுத் தோட்டக் குடியிருப்புகளையும் விட்டுவிடாதீர்கள்.