துடுப்பும் அகப்பையும்

கார், சைக்கிள், படகு எதுவானாலும் 'ஓட்டுறது' என்ற ஒரே சொல்லில் இன்று நம் வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் படகைக் கையால் செலுத்துவதற்குத் தமிழில் செய்கைக்குத் தக்கபடி தனித்தனிச் சொற்கள் உண்டு. துடுப்பைப் படகின் விளிம்பில் பொருத்தி, உடம்பைச் சாய்த்து இழுத்தால் அது 'வலித்தல்'. வலித்தல் என்றால் இழுத்தல். அந்தத் துடுப்புக்குத் 'தண்டு' என்றும் பெயர். எதிலும் பொருத்தாமல் கையில் பிடித்தே நீரை அளைந்தால் 'துழாவுதல்'.

என்னை யோசிக்க வைத்தது இந்தத் துழாவுதல்தான். கூழைத் துழாவுகிறோம், சரி, ஆற்றையுமா? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் (1924-36) பாருங்கள்: 'துடுப்பு' என்பதற்குப் படகுத் துடுப்பு, அகப்பை இரண்டும் பொருள். தருமபுரிப் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டும் மரக்கோலுக்கு இன்றும் துடுப்பு என்றுதானே பெயர்!

தமிழில் மட்டும்தானா இப்படி? தெலுங்கில் 'தெட்டு' (டகரம் மெலிந்து ஒலிக்கும்) என்றால் மர அகப்பை. படகுத் துடுப்பும் அதுவே. கன்னடத்து 'ஹுட்டு'வும் அப்படியே. மலையாளத்தில் துடுப்பு 'துழ'. நேருவின் வருகையையொட்டி 1952இல் தொடங்கிய ஆலப்புழைப் படகுப் போட்டியில் துழைபவர்கள் 'துழக்காரர்கள்'. அது நம் 'துழாவு' பிறந்த அதே வேர். சொற்களின் ஒலி ஊருக்கு ஊர் மாறினாலும், ஆற்றையும் அடுப்பையும் சேர்த்துப் பார்த்த பார்வை மாறவில்லை.

காரணம் அறிய ஒகேனக்கல் பரிசலைக் கவனித்தால் போதும். மூங்கிலால் முடைந்த வட்டக்கூடை அது. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் பரிசல்காரர் தமக்கு முன்னே உள்ள நீரை இரு பக்கமும் மாற்றி மாற்றித் தம்மை நோக்கி இழுக்கிறார். களி கிண்டுகிற கை அசைவேதான்!

இயந்திரம் வந்து படகிலிருந்து துடுப்பை எடுத்தது. குக்கரும் மிக்ஸியும் வந்து அடுப்படியிலிருந்தும் எடுத்துவிட்டன. இரண்டு இடத்திலும் கை வேலை நின்றால் சொல்லும் நின்றுபோகும். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெரிய இலக்கணம் வேண்டாம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு, கன்னட, மலையாள நண்பர்களிடம், "உங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?" என்று ஒரு மரக்கரண்டியைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். நான்கு மொழிகளின் உறவு அந்த ஒரு கரண்டியிலேயே தெரிந்துவிடும்.