ராச்டேல் நெசவாளர் கண்ட சிக்கனம்

குடும்பச் செலவைக் குறைப்பது பற்றி யாரேனும் பேசத் தொடங்கினால், உண்பதைக் குறை, உடுப்பதைக் குறை என்னும் அறிவுரையே முதலில் வரும். தேவைக்கு மிஞ்சிச் செலவிடுவோருக்கு அது தக்க அறிவுரைதான். ஆனால் அரை வயிறு உண்டு, ஒட்டுப்போட்ட ஆடை உடுத்து வாழும் குடும்பத்துக்கு அதனால் பயன் யாது? குறைப்பதற்கு ஒன்றுமில்லாத வீட்டில் சிக்கனம் எங்கே தொடங்கும்? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையிலேயே விடை கண்டவர்கள், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த சில ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுடைய வரலாறு மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறாகும்.

இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டர் மாநகருக்கு அண்மையில் உள்ளது ராச்டேல் என்னும் ஊர். கம்பளித் துணி நெசவுக்கு அவ்வூர் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசைத்தறிகள் பெருகின. கைத்தறியாளரின் கூலி ஆண்டுதோறும் தேய்ந்தது. 1840-க்குப் பின் வந்த ஆண்டுகளை ஆங்கிலேயர் 'பசி மிகுந்த நாற்பதுகள்' என்றே பின்னாளில் குறிப்பிட்டனர். கூலியை உயர்த்துமாறு ராச்டேல் நெசவாளர் கேட்டனர், கிளர்ச்சியும் செய்தனர், பயன் கிட்டவில்லை. வரவைப் பெருக்கும் வழி அடைபட்டது. எனவே அவர்களுள் சிலர், கிடைக்கும் சிறு கூலி எங்கே போகிறது என்று ஆராயத் தலைப்பட்டனர்.

ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. கூலியின் பெரும்பகுதி மாவுக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் மெழுகுவத்திக்குமே சென்றது. இவற்றை விட்டு வாழ இயலாது. ஆனால் இவற்றுக்காகக் கொடுத்த காசுக்கு உரிய பொருள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. வழியிலேயே அது பல துளைகளின் மூலம் ஒழுகிக்கொண்டிருந்தது.

முதல் துளை கடன். கூலி கைக்கு வரும் முன்பே சமையலுக்குப் பொருள் வேண்டும். கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுப்பார். அவருடைய கணக்கேட்டில் பெயர் ஏறிய குடும்பம் வேறு கடைக்குச் செல்ல முடியாது; விலை மிகுதி என்று வாதாட முடியாது; அளவு குறைந்தது என்று முறையிடவும் முடியாது. சில முதலாளிகள் தாமே கடை வைத்து, கூலிக்கு ஈடாகப் பண்டத்தையே கொடுத்தனர். 1831-ஆம் ஆண்டில் இதனைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

இரண்டாவது துளை சில்லறைக் கொள்முதல். கையில் காசில்லாதவர் அன்றன்றைக்குச் சிறிது சிறிதாக வாங்குவர். சிறிய அளவில் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் விலை சற்று ஏறும். நிறையும் சற்றுக் குறையும். ஒரு நாளின் இழப்புக் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அது ஒரு மாதக் கூலியை விழுங்கியிருக்கவும் கூடும். செல்வர் மலிவாக வாங்குவதும் வறியவர் அதே பொருளை மிகுந்த விலைக்கு வாங்குவதும் அன்று மட்டும் இருந்த விந்தையன்று, இன்றும் உண்டு.

மூன்றாவது துளை கலப்படம். அக்காலத்து இங்கிலாந்தில் கலப்படம் ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. பிரடெரிக் ஆக்கம் என்னும் வேதியியல் அறிஞர் 1820-ஆம் ஆண்டிலேயே இது குறித்து ஒரு நூல் வெளியிட்டு நாட்டைத் திடுக்கிடச் செய்தார். வெண்மைக்காக ரொட்டியில் படிகாரம் சேர்த்தனர். ஒரு முறை கொதிக்கவைத்த தேயிலையைக் காயவைத்துச் சாயமேற்றி மீண்டும் விற்றனர். பாலாடைக்கட்டியின் நிறம் பொலிவதற்குச் செவ்வீயம் என்னும் நஞ்சைக்கூடச் சேர்த்தனர். 1850-களில் ஆர்தர் ஹில் ஹசால் என்னும் மருத்துவர், கடைகளில் வாங்கிய உணவுப் பண்டங்களை நுண்ணோக்காடியால் ஆராய்ந்து, முடிவுகளை 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பின்னரே, 1860-இல், கலப்படத்தைத் தடுக்கும் முதற் பொதுச் சட்டம் பிறந்தது. ராச்டேல் மக்கள் கடை தேடிய காலத்திலோ அத்தகைய காவல் ஏதும் இல்லை.

இத்துளைகளைத் தனியொரு குடும்பத்தால் அடைக்க முடியுமா? முடியாது. மூட்டையாக வாங்கப் பணம் வேண்டும். நல்ல பொருளைத் தேடிக் கொணர ஆள் வேண்டும். ஒருவரிடம் இல்லாத இவ்விரண்டும் பலர் கூடினால் உண்டாகும். இக்கருத்தும் அவர்களுக்குப் புதிதன்று. 1833-ஆம் ஆண்டில் அதே ஊரில் தொழிலாளர் சிலர் ஒரு கூட்டுறவுக் கடை திறந்திருந்தனர். இரண்டே ஆண்டுகளில் அது மூடப்பட்டது. காரணம் யாது? உறுப்பினருக்குக் கடன் கொடுத்ததே காரணம். இரக்கத்தால் கொடுத்த கடன் திரும்பி வரவில்லை; கடை கவிழ்ந்தது. அந்தத் தோல்வியை மறவாத சிலர், அடுத்த முயற்சியின் சட்டதிட்டங்களை மிகக் கவனமாக வகுத்தனர்.

வாரத்துக்கு இரண்டு பென்னி, பின்னர் மூன்று பென்னி என்று அவர்கள் சேர்த்தனர். பசித்த குடும்பத்தில் அது பெருந்தொகையே. ஆளுக்கு ஒரு பவுனாக 28 பவுன் சேர்ந்தது. 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. டோட் லேன் என்னும் தெருவில், ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகையில், ஒரு பண்டசாலையின் கீழ்த்தளத்தைப் பிடித்தனர். டிசம்பர் 21-ஆம் நாள் மாலை கதவு திறந்தது. ஆண்டிலேயே இரவு மிக நீண்ட நாள்களுள் அஃது ஒன்று. உள்ளே இருந்த சரக்கு 28 இராத்தல் வெண்ணெய், 56 இராத்தல் சர்க்கரை, கொஞ்சம் கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள் ஆகியவையே. தெருவில் கூடிய சிறுவர்கள் கேலி செய்து கூச்சலிட்டதாக, இச்சங்கத்தின் வரலாற்றை எழுதிய ஹோலியோக் என்பவர் கூறுகிறார்.

அந்தக் கடையின் விதிகளைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். நாம் தேடும் சிக்கனத்தின் இரகசியம் அங்கேதான் உள்ளது.

முதல் விதி, ரொக்கத்துக்கே விற்பனை என்பது. உறுப்பினராயினும் கடன் இல்லை. இது முதலில் கொடுமையாகத் தோன்றும். ஆனால் கடன் வாங்காத குடும்பம் தன் செலவைத் தானே அளந்து பார்க்கிறது. கையிலுள்ள காசு எவ்வளவு என்பது அதற்குத் தெரிகிறது. கடையும் தனக்கு வேண்டிய சரக்கை ரொக்கம் கொடுத்து மலிவாக வாங்க முடிகிறது.

இரண்டாவது விதி, சரியான நிறை, கலப்பற்ற பொருள் என்பது. கடையின் உரிமையாளரும் வாடிக்கையாளரும் ஒருவரே. தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வார் உண்டோ? கலப்படத்தால் வரும் ஆசை அங்கே வேரோடு அற்றுப்போயிற்று.

மூன்றாவது விதிதான் மிக நுட்பமானது. அவர்கள் விலையைக் குறைத்து விற்கவில்லை. ஊர்க்கடைகளில் வழங்கிய விலைக்கே விற்றனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, செலவு போக எஞ்சிய இலாபத்தை, அவரவர் வாங்கிய பண்டத்தின் அளவுக்கு ஏற்பப் பகிர்ந்தளித்தனர். பங்குப் பணம் மிகுதியாகப் போட்டவருக்கு மிகுதியான இலாபம் என்பது பொதுவான வாணிக முறை. இங்கோ பங்குக்கு வரையறுத்த வட்டி மட்டுமே. எஞ்சியது வாங்கியவர்க்கு உரியது. இம்முறையை வகுத்த பெருமை சார்லஸ் ஹோவர்த் என்னும் நெசவுத் தொழிலாளரைச் சாரும் என்பர்.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு குடும்பம் மூன்று மாதத்தில் பத்துப் பவுனுக்குப் பண்டம் வாங்கியது என்று கொள்வோம். பவுனுக்கு ஒரு ஷில்லிங் வீதம் இலாபம் கிடைத்தால் பத்து ஷில்லிங், அதாவது அரைப் பவுன், திரும்பி வரும். அதே தொகையை ஒவ்வொரு முறையும் அரைக் காசும் கால் காசுமாக விலையில் குறைத்திருந்தால் அது வந்த சுவடே தெரியாமல் கரைந்திருக்கும். மொத்தமாக வந்தபோது அது குழந்தைக்குக் காலணியாயிற்று. பழங்கடனைத் தீர்க்கும் பணமாயிற்று. அல்லது சங்கத்திலேயே சேமிப்பாக நின்றது. சோற்றைக் குறைத்து மிச்சம் பிடித்தவர் உலகில் பலர். உண்ணும் உணவை வாங்குவதன் மூலமே மிச்சம் பிடிக்க முடியும் என்று காட்டியவர்கள் இந்த நெசவாளர்கள்.

நிருவாகத்திலும் அவர்கள் நேர்மையைப் போற்றினர். பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. பெண்களும் உறுப்பினராகலாம். மணமான பெண்ணின் உடைமை கணவனுக்கே உரியது என்று அந்நாட்டுச் சட்டம் கூறிய காலம் அது. அச்சட்டம் மாறியது 1870-இலும் 1882-இலுமேயாம். வீட்டுச் செலவின் சுமையைத் தாங்குபவள் பெண். அவளுக்குக் கடையின் கணக்கைக் கேட்கும் உரிமை ராச்டேலில் முன்னதாகவே கிடைத்தது.

வளர்ச்சி மெதுவாகவே வந்தது. 1845-ஆம் ஆண்டின் முடிவில் உறுப்பினர் 74 பேர். ஆண்டு விற்பனை 710 பவுன். இலாபம் 22 பவுன். 1848-இல் உறுப்பினர் 140 பேரே. 1849-இல் ஊரிலிருந்த சேமிப்பு வங்கி அதன் நிருவாகியின் மோசடியால் முறிந்தது. ஏழைகளின் சிறுசேமிப்பு அழிந்தது. தம் கண் முன்னே கணக்குக் காட்டும் நிலையம் எது என்று மக்கள் தேடினர்; டோட் லேன் கடையை நாடினர். அவ்வாண்டின் முடிவில் உறுப்பினர் 390, அடுத்த ஆண்டில் 600, 1860-இல் 3,450. இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். கடையின் மாடியில் படிப்பகமும் நூலகமும் அமைந்தன. மாவு விற்ற காசில் நூல் வாங்கிய அந்தத் தொழிலாளரின் உள்ளத்தை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இம்முறையில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. ரொக்கம் கொடுக்க இயலாத பரம ஏழைக்கு அக்கடை எட்டாமலே இருந்தது. நிலையான கூலி பெற்றவரே அதனால் மிகுந்த பயன் பெற்றனர். வேலையிழந்தவனுக்குச் சிக்கனம் சோறு போடாது. வரவே இல்லாத இடத்தில் சிக்கனத்தைப் போதிப்பது அறமும் ஆகாது. ஆயினும் சிறு வரவு உடையவர்கள் அச்சிறு வரவையும் இழந்துவிடாமல் காக்க முடியும் என்பதை ராச்டேல் நிலைநாட்டியது.

அவ்வூரில் எழுந்த எண்ணம் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் உழவரின் கடன் சுமையை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளைப் பற்றி 1895-இலும் 1897-இலும் விரிவான அறிக்கை அளித்தார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. டி.யு.சி.எஸ். என்று மக்கள் வழங்கும் அச்சங்கம், இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளுள் ஒன்று. நெசவாளரின் கடை மாதச் சம்பளக்காரரின் கடையாக இங்கே உருவெடுத்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களோடு பிற வகைக் கூட்டுறவுகளுக்கும் இடமளித்தது.

ராச்டேல் வரலாறு நம் வீட்டுக்கு உணர்த்துவன யாவை? முதலாவது, கணக்கு. காசு எங்கே போகிறது என்பது தெரியாமல் எங்கே நிறுத்துவது என்பதும் தெரியாது. ஒரு மாதம் நாள்தோறும் எழுதி வந்தாலே ஒழுகும் இடம் புலப்படும். இரண்டாவது, அன்றாடச் செலவுக்குக் கடன் வேண்டா. அன்று கடைக்காரரின் ஏட்டில் இருந்த கடன் இன்று அட்டையிலும் கைபேசியிலும் புகுந்திருக்கிறது. உருவம் மாறினாலும் அதன் இயல்பு மாறவில்லை. வாங்கும்போது வலி தெரியாது, கொடுக்கும்போதே தெரியும். மூன்றாவது, பொட்டலத்தின் விலையைப் பாராமல் நிறையின் விலையைப் பார்த்தல். சிறு பொட்டலங்களாக வாங்கிய பொருளின் ஒரு கிலோ விலை என்ன என்று வகுத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். நான்காவது, கெடாத பண்டத்தை அண்டை வீட்டாரோடு சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளுதல். விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்களும் இதனைச் செய்யலாம். ஐந்தாவது, மிஞ்சியதை அன்றே தனியே ஒதுக்குதல். கையில் நிற்கும் சில்லறைக்குக் கால் முளைத்துவிடும்.

டோட் லேனில் உள்ள அந்தக் கட்டடம் 1931-ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 28 பவுனோடு அக்கதவைத் திறந்தவர்கள் செல்வம் சேர்க்கப் புறப்பட்டவர்கள் அல்லர். உழைத்துப் பெற்ற காசுக்கு முழு நிறையும் நல்ல மாவும் வேண்டும் என்று கேட்டவர்கள். அந்த உரிமையைத் தனித்து நின்று பெற முடியாது என்று உணர்ந்து ஒன்று கூடியவர்கள். சிக்கனம் என்பது தன் உழைப்பின் பயன் வீணாகாமல் காத்துக்கொள்ளும் அறிவு; அந்த அறிவு அயலாரோடு கூடும்போது பலமடங்காகப் பயன் தரும்.