அளந்து பார்த்தவர்கள்

ஆஸ்பத்திரி என்றதும் டாக்டர் ஞாபகம் வரும். நர்ஸம்மா ஞாபகம் வரும். வாசலில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவர்கூட ஞாபகத்துக்கு வருவார். பௌதிகம் படித்த ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் வெகு நாள் தோன்றவில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்து, கணக்கில் தடுமாறி, கதை எழுதப் போய்விட்டவன் நான். அந்தப் பாடத்துக்கும் ஒரு நோயாளியின் உயிருக்கும் உள்ள சம்பந்தத்தைப் பிற்பாடு சரித்திரம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்கிறார்கள். கதிர் குறைந்தால் நோய் போகாது. மிஞ்சினால் நல்ல சதையும் வெந்துபோகும். எவ்வளவு கொடுப்பது என்பதை டாக்டர் சொல்வார். கருவியிலிருந்து அவ்வளவுதான் வருகிறதா என்று பார்க்க வேண்டியவர் பௌதிக நிபுணர். கதிர் கண்ணுக்குத் தெரியாது. விழும்போது சுடவும் சுடாது. ஆகவே அவர் சொன்னதுதான் கணக்கு.

1951-ஆம் வருஷம் கனடாவில் நடந்ததைப் பாருங்கள். சாக் ரிவர் அணு உலையில் தயாரான கோபால்ட்-60 ஒண்டாரியோ மாகாணத்து லண்டன் நகருக்கும், மேற்கே ஸாஸ்கட்டூன் நகருக்கும் போயிற்று. ஸாஸ்கட்டூனில் பொறுப்பேற்றவர் ஹெரால்ட் ஜான்ஸ் என்ற பௌதிகப் பேராசிரியர். ஆகஸ்ட் மாதமே கோபால்ட் கருவியில் ஏறிவிட்டது. ஆனால் ஜான்ஸ் நோயாளியை உள்ளே விடவில்லை. மாணவர்களை வைத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தார். தண்ணீரை மனித உடம்பாகப் பாவித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு கதிர் என்று பொறுமையாகக் குறித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸில்வியா ஃபெடோருக்; 1988-ல் அந்த மாகாணத்துக்கே லெப்டினன்ட் கவர்னர் ஆனவர்.

இதற்குள் அக்டோபர் 27-ஆம் தேதி லண்டன்காரர்கள் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டார்கள். ஸாஸ்கட்டூனில் நவம்பர் 8-ஆம் தேதிதான் தொடங்கினார்கள். 12 நாளில் 'முதல்' என்ற பெயர் போயிற்று. அன்று அங்கே சிகிச்சைக்குப் படுத்த பெண்மணிக்கு வயது 43. அவர் 90 வயது வரை வாழ்ந்தார்.

இன்னொரு காட்சி. கோபால்ட், எண்ணெய் குறைகிற விளக்கைப் போல நாளுக்கு நாள் மங்கும். 5 வருஷத்துக்குச் சற்று மேலானால் பாதியாகிவிடும். அதற்குத் தக்கபடி சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 1974 முதல் 1976 வரை அமெரிக்காவில், கொலம்பஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், அந்தக் கணக்கைக் காகிதத்தில் கோடு கிழித்தே பார்த்தார்கள். கோடு தப்பான சரிவில் இறங்கிற்று. விளக்கு உள்ளதைவிட அதிகமாக மங்கிவிட்டது என்றது காகிதம். அதை நம்பி நேரத்தைக் கூட்டினார்கள். 22 மாதம் ஒருவரும் கருவியை அளந்து பார்க்கவில்லை. 400-க்கு மேற்பட்ட நோயாளிகள்மீது அளவு மீறிக் கதிர் விழுந்தது.

இரண்டு இடத்திலும் பௌதிகம் ஒன்றுதான்; புஸ்தகமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு இடத்தில் அளக்கிற பழக்கம் இருந்தது. மற்ற இடத்தில் இல்லை. பழக்கத்தைப் பரீட்சை எழுதிப் பெற முடியுமா? பழகியவர் பக்கத்தில் நின்றுதான் பெற வேண்டும். வெகு காலம் இது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தே இருந்தது. பட்டம் வாங்கியவர் ஆஸ்பத்திரியில் சேருவார். வாய்த்த குருவைப் பொறுத்து உருவாவார். ஜான்ஸ் எல்லாருக்கும் வாய்ப்பாரா?

அதிர்ஷ்டத்தை நம்பக்கூடாது என்று ஏற்பட்டதுதான் 'ரெஸிடென்ஸி' என்கிற பயிற்சி. அமெரிக்காவில் இது இரண்டு வருஷம். 2014 முதல், அங்கீகாரம் பெற்ற ரெஸிடென்ஸி இல்லாமல் பௌதிக நிபுணர் சான்றிதழுக்குப் போகும் வழி அங்கே அடைபட்டது. நம் நாட்டிலும் படிப்பு முடிந்தபின் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷப் பயிற்சி வேண்டும். பயிற்சியில் இருப்பவர், மூத்தவர் கண்ணெதிரே கருவியை அளக்கிறார். சிகிச்சைத் திட்டம் போடுகிறார். போட்டதை வேறொரு வழியில் மறுபடி சரிபார்க்கிறார். நோயாளிகள் போன பிறகு, தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு பொழுது கழிகிறது. தன் காகிதத்தையே சந்தேகிக்க இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்.

எனக்குப் பௌதிகம் வராமல் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. கதையில் நான் போடுகிற கோடு கொஞ்சம் சரிந்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அங்கே படுத்திருப்பவரால் அப்படிப் போக முடியாது.