வெங்காயச் சட்டை

கம்பளிக்குச் சூடு உண்டு என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "கம்பளியைப் போர்த்திக்கொள், சூடாக இருக்கும்" என்று சொல்லித்தானே பாட்டிமார் நம்மை வளர்த்தார்கள்! ஆனால் ஐஸ் விற்கிறவன் பாளத்தை மரத்தூளில் புதைத்து, மேலே சாக்கையும் போட்டு மூடுகிறானே, ஐஸுக்குச் சூடு ஏற்றவா மூடுகிறான்? உருகாமலிருக்கத்தான் மூடுகிறான். சாக்கும் மரத்தூளும் கம்பளியும் செய்கிற காரியம் ஒன்றே. நடுவிலே காற்றைச் சிறைப்பிடித்து அசையாமல் வைக்கின்றன. அசையாத காற்று உள்ளே இருக்கும் சூட்டை எளிதில் வெளியே விடாது. வெளியே இருக்கும் சூட்டை உள்ளேயும் விடாது. சூடு நம் உடம்பினுடையது. துணி வெறும் காவல்காரன்.

இந்தச் சின்ன உண்மைக்கு ஏற்றபடி கோட்டுத் தைக்க மனிதர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் மிகவும் அவஸ்தைப்பட்டவன் மோட்டார் சைக்கிள் ஓட்டி. அவனுடைய கோட்டின் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன். ஜாக்கெட் என்று எழுதலாம். ஆனால் நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ரவிக்கை என்று பொருளாகி வெகு காலமாகிவிட்டது. ஆகவே கோட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

கதை ஸ்காட்லாந்தில் ஆரம்பமாகிறது. கிளாஸ்கோ நகரத்து ரசாயன நிபுணர் சார்லஸ் மெக்கிண்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, அந்தக் குழம்பை இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி ஒட்டினார். 1823-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மழைக்கு அசையாத கோட்டு பிறந்தது. ஆனால் அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, எப்போதும் நாறியது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சும் முறையை சார்லஸ் குட்இயர் கண்டு 1844-ல் காப்புரிமை பெற்ற பிறகு பிசுபிசுப்பும் விறைப்பும் தீர்ந்தன. தீராத வியாதி ஒன்று மட்டும் இருந்தது: மழை உள்ளே வராததைப் போலவே, வியர்வை வெளியே போகவில்லை. மழையில் நனையாதவன் தன் வியர்வையிலேயே நனைந்தான்.

அடுத்தவர் இங்கிலாந்தின் தாமஸ் பர்பெரி. நூலை நெய்வதற்கு முன்பே நீர் ஒட்டாதபடி பக்குவப்படுத்தி, பிறகு மிக நெருக்கமாக நெய்தார். 1888-ல் காப்புரிமை பெற்ற இந்த கபர்டீன் துணி காற்றைத் தடுத்தது. ஓரளவு மழையையும் தடுத்தது. வியர்வையையும் வெளியே விட்டது. 1924-ல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் உடல் 1999 மே மாதம் கிடைத்தபோது, அவர் உடுத்தியிருந்தவை பட்டு, பருத்தி, கம்பளி என்று பல மெல்லிய சட்டைகளும் அவற்றின் மேலே கபர்டீனும் என்று தெரிந்தது. அதே போன்ற உடைகளைத் தைத்து 2006-ல் எவரெஸ்டில் உடுத்திப் பார்த்தார்கள். நல்ல வானிலையில் நடந்துகொண்டிருப்பவனுக்கு அவை போதும். ராத்திரி முழுவதும் வெட்டவெளியில் தங்க நேர்ந்தவனுக்குப் போதாது என்று ஏற்பட்டது.

நடக்கிறவனுக்கு என்று சொன்னதைக் கவனியுங்கள். மலை ஏறுகிறவன் தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொண்டு போகிறான். மோட்டார் சைக்கிள்காரனோ சும்மா உட்கார்ந்திருக்கிறான். உழைப்பு என்ஜினுடையது, அவன் உடம்பில் அடுப்பு மந்தமாகவே எரிகிறது. அதோடு, காற்றே வீசாத நாளிலும் அவன் வண்டி அவனுக்கென்று ஒரு புயலை உண்டாக்கிவிடுகிறது.

அந்தப் புயலுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பால் சைப்பிள். சாரணச் சிறுவனாக 1928-ல் அட்மிரல் பேர்டு கோஷ்டியுடன் தென்துருவப் பிரதேசத்துக்குப் போனவர். பிறகு, தம் தோழர் சார்லஸ் பாஸலுடன் அங்கேயே, ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். காற்று எவ்வளவு குளிரைக் கூட்டுகிறது என்ற அளவு அதிலிருந்து பிறந்தது. 2001-ல் திருத்திய கணக்குப்படி, 10 டிகிரி குளிரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனின் திறந்த சருமத்துக்கு அது 4 டிகிரியாகப் படுகிறது.

இந்தப் புயலுக்கு முதலில் நின்ற கவசம் தோல். நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் 1928-ல் மோட்டார் சைக்கிளுக்கென்றே ஜிப் வைத்த தோல் கோட்டு ஒன்றைத் தைத்தார். தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரான பெர்ஃபெக்டோ என்பதையே அதற்கும் வைத்தார். ஐந்தரை டாலர் விலை. 1953-ல் மார்லன் பிராண்டோ சினிமாவில் அதைப் போட்டுக்கொண்டு வந்ததும் உலகத்து வாலிபர்களுக்கெல்லாம் அதன் மேல் மோகம் பிறந்தது. கீழே விழுந்து தார் ரோட்டில் உராய்ந்தால் தோலைப் போலக் காப்பது அருமை. ஆனால் மழையில் ஊறினால் பாரமாகிவிடும், உலரவும் நாளாகும்.

மழை ஓயாத இங்கிலாந்தில் வேறு வழி தேடினார்கள். பாய்மரத் துணிக்கு எண்ணெய் தடவிய மாலுமிகளின் பழைய யுக்தியிலிருந்து வளர்ந்த மெழுகுப் பருத்தி அங்கே இருந்தது. பார்பர் குடும்பத்து டங்கன் பார்பர், 1936-ல் சர்வதேச ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டிக்காக அந்தத் துணியில் உடை தயாரித்தார். இடது மார்புப் பை கொஞ்சம் சாய்ந்து இருக்கும். வண்டியில் உட்கார்ந்தபடியே வரைபடத்தை உருவுவதற்கு. 1964-ல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த போட்டியில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் இதைத்தான் அணிந்து ஓட்டினார். இதிலும் குறை இருந்தது. சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது. அவ்வப்போது மெழுகும் பூச வேண்டும்.

இத்தனை பேரும் செய்ய முயன்றது என்ன? ஒரே கோட்டு எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது. அந்த ஆசையை முறையாகக் கைவிட்டது அமெரிக்க ராணுவம். 1943-ல் அது வழங்கிய கோட்டு, காற்றைத் தடுக்கும் மெல்லிய வெளியுறை மட்டுமே. குளிர் அதிகமானால் உள்ளே தனிச் சட்டை ஒன்று, குறைந்தால் கழற்றிவிடலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே ஓர் உத்தியோகம். ஜெர்மானியர் இந்த முறைக்கு வெங்காய முறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றுமில்லை என்று நாம் கேலி செய்வோம். இங்கேயோ, தோலுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்றுமில்லாததுதான், அதாவது காற்றுதான், குளிரைத் தடுக்கிறது!

வெளியுறையின் பழைய வியாதிக்கு மருந்து 1969-ல் அகப்பட்டது. அமெரிக்காவில் பாப் கோர், டெஃப்லான் கம்பிகளைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார். அவை அறுந்துகொண்டே இருந்தன. பொறுமை இழந்து ஒரு நாள் வெடுக்கென்று இழுத்தார். அறவில்லை; பல மடங்கு நீண்டது. அதில் ஏற்பட்ட நுண்துளைகள் நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறியவை. நீராவியின் மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியவை. மழைக்குக் கதவடைப்பு, வியர்வைக்கு வழி. 1976-ல் கோர்டெக்ஸ் என்று கடைக்கு வந்தது அதுதான்.

இதெல்லாம் குளிர்நாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் ஏற்பட்டது. திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகள் இமயம் வரை போயின. இன்று நம் பிள்ளைகளும் அந்த வழியே போகிறார்கள். என் தமக்கையின் பேரன் லடாக்குக்குக் கிளம்பும் முன் என்னிடம் வந்தான். "தாத்தா, சரித்திரமெல்லாம் இருக்கட்டும். நல்ல தடியா ஒண்ணு வாங்கிட்டாப் போதாதா?" என்றான்.

போதாது என்றேன். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். லே போகும் வழியில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் பார்த்தால் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஒரே தடிக் கோட்டு அடிவாரத்தில் வியர்க்கவைக்கும். அந்த வியர்வையே கணவாயில் எதிரியாகும். குளிர்ந்த விரல் பிரேக்கை அழுத்தத் தாமதிக்கும். நடுங்குகிற உடம்பில் புத்தியும் மந்தப்படும். மலைப்பாதையில் அந்தத் தாமதத்துக்கு விலை உயிர்.

ஆகவே உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை. சென்னையில் நம் மானத்தைக் காக்கும் பருத்தி அங்கே கூடாது. நனைந்தால் லேசில் உலராது. நடுவே காற்றைப் பிடிக்கும் கம்பளி அல்லது ஃப்ளீஸ். மேலே உராய்வு தாங்கும் கோட்டு; ஐரோப்பாவில் 2020-ல் வெளியான தரநிர்ணயத்தில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று படி உண்டு, மூன்று ஏ உயர்ந்தது. மழைத் தடுப்பு கோட்டின் உட்புறம் இருந்தால், வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அதைப் பூட்டக் கொட்டும் மழையில் கோட்டையே கழற்ற வேண்டும். வெளித்துணியோடு ஒட்டியிருப்பது நல்லது, விலைதான் அதிகம். பணம் இல்லாவிட்டால் மேலே போட்டுக்கொள்ளத் தனி மழைச் சட்டை ஒன்று போதும். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் உள்ள காப்புத் தட்டுகள், நடுச்சட்டை இருந்தாலும் கழற்றினாலும் இடம் பெயராமல் நிற்க வேண்டும். ஆகவே கடையில் உட்சட்டைகளோடும் அவை இல்லாமலும் போட்டு, வண்டியில் குனிந்து உட்காருவதுபோல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குளிர் தெரிந்த பிறகு சட்டையைத் தேடாமல், கணவாய் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

இறுக்கமான கோட்டு கண்ணாடியில் அழகாகத் தெரியும். ஆனால் இறுகப் பிடித்தால் அடுக்குகள் நசுங்கும்; நடுவே காற்று நிற்காது. இவ்வளவு சரித்திரமும் தேடிக் கண்டது அந்தக் காற்றைத்தான். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வாங்க வேண்டும்.