பெருவில் நிர்வாகத் தடைகள், முறையற்ற போட்டி தொடர்பான சட்டச் சீர்திருத்தங்கள்

பெருவில் நிர்வாகத் தடைகள், முறையற்ற போட்டி தொடர்பான சட்டச் சீர்திருத்தங்கள் என்பவை, தென் அமெரிக்க நாடான பெருவில் 1991 முதல் இயற்றப்பட்டுவரும் ஒரு தொகுதிச் சட்டங்களைக் குறிக்கும். தொழில் தொடங்குவோருக்கும் நடத்துவோருக்கும் அரசு அலுவலகங்கள் விதிக்கும் தேவையற்ற நிபந்தனைகளை நீக்குவதும், வணிகர்கள் நேர்மையற்ற வழிகளில் போட்டியிடுவதைத் தடுப்பதும் இவற்றின் நோக்கங்களாகும். இவ்விரு பணிகளும் இன்டெகோபி என்ற ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளமை இதன் சிறப்பாகும்.

பின்னணி

பெருவியப் பொருளியலாளர் எர்னாண்டோ டி சோட்டோ தலைமையிலான ஆய்வு நிறுவனம், 1980களில் லிமா நகரின் புறப்பகுதியில் ஒரு சிறு தையற்கூடத்தைச் சட்டப்படி பதிவு செய்ய முயன்று பார்த்தது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அலைந்தும் பதிவு முடிய 289 நாட்கள் ஆயின. செலவோ குறைந்தபட்ச மாத ஊதியத்தின் 30 மடங்கிற்கும் மேலாக இருந்தது. அரசு நிலத்தில் வீடு கட்ட அனுமதி பெற 6 ஆண்டுகளும் 11 மாதங்களும் தேவைப்பட்டன; அதற்காக 52 அலுவலகங்களில் 207 படிநிலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஏழை மக்கள் சட்டத்தை மதிக்காததால் அன்று, சட்டத்திற்குள் நுழைய வழியில்லாததாலேயே முறைசாராத் தொழிலில் ஈடுபடுகின்றனர் என்று 1986 இல் வெளியான அவரது நூல் வாதிட்டது.

தொடக்ககாலச் சட்டங்கள்

அல்பெர்டோ புஜிமோரியின் ஆட்சிக்காலத்தில், 1991 நவம்பரில் இரு சட்ட ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. 701 ஆம் ஆணை முற்றுரிமைச் செயல்களைத் தடை செய்தது. 757 ஆம் ஆணை தனியார் முதலீட்டிற்கான அடிப்படை விதிகளை வகுத்தது. 1992 நவம்பரில் இன்டெகோபி உருவாக்கப்பட்டது. போட்டியைப் பேணுதல், அறிவுசார் சொத்துரிமையைக் காத்தல் ஆகியன இதன் பணிகளாகும். அதே ஆண்டு டிசம்பரில் முறையற்ற போட்டிக்கு எதிரான தனிச்சட்டம் வந்தது. 1993 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, போட்டியை எளிதாக்கிக் கண்காணிப்பதை அரசின் கடமையாக்கியது.

நிர்வாகத் தடைகள்

ஒருவர் சந்தையில் நுழைவதையோ நிலைத்திருப்பதையோ கட்டுப்படுத்தும் வகையில் அரசு அலுவலகம் ஒன்று விதிக்கும் நிபந்தனை, தடை, வரம்பு, கட்டணம் ஆகியவை நிர்வாகத் தடை எனப்படும். நகராட்சி உரிமக் கட்டணம் இதற்கு எடுத்துக்காட்டாகும். தடை இருப்பது மட்டும் குற்றமாகாது. அது சட்டப்படியானதா என்பது முதலில் ஆராயப்படும். சட்டப்படியானது எனில், அது நியாயமானதா, பொதுநலனுக்கு ஏற்ற அளவில் உள்ளதா என்பது அடுத்து ஆராயப்படும். இவ்விரு படிநிலை முறை 1997 இல் இன்டெகோபி தீர்ப்பாயத்தின் முன்மாதிரித் தீர்ப்பு ஒன்றில் வகுக்கப்பட்டது.

2007 இல் இயற்றப்பட்ட 29060 ஆம் சட்டம், குறிப்பிட்ட வகை விண்ணப்பங்களுக்கு உரிய காலத்திற்குள் அலுவலகம் பதிலளிக்காவிடில் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்றது. 2016 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட 1256 ஆம் சட்ட ஆணை இத்துறைக்குத் தனிச்சட்டமாக அமைந்தது. முன்னர் ஒரு தீர்ப்பின் பயன் பொதுவாக முறையிட்டவரையே சேர்ந்தது. ஒரே விதிக்கு எதிராக ஒவ்வொரு வணிகரும் தனித்தனியே முறையிட நேர்ந்தது. புதிய ஆணையின்படி, சட்டவிரோதம் எனத் தீர்மானிக்கப்பட்ட விதி, அரசிதழில் வெளியானபின் அனைவருக்கும் செல்லாததாகிறது. மீறும் அலுவலர்க்கு 20 வரி அலகுகள் வரை தண்டம் விதிக்கலாம். வரி அலகு என்பது அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் தொகையாகும்.

முறையற்ற போட்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளுடனான வணிக உடன்பாட்டை நடைமுறைப்படுத்த நாடாளுமன்றம் வழங்கிய அதிகாரத்தைக் கொண்டு, ஆலன் கார்சியாவின் அரசு 2008 ஜூனில் பல ஆணைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் 1034 ஆம் ஆணை 1991 இன் முற்றுரிமை ஆணைக்கும், 1044 ஆம் ஆணை 1992 இன் முறையற்ற போட்டிச் சட்டத்திற்கும் மாற்றாக வந்தன. 1044 ஆம் ஆணை தடை செய்யும் செயல்களுள் சில:

- நுகர்வோரை ஏமாற்றுதல்
- பிறர் பொருளோடு குழப்பம் ஏற்படுத்துதல்
- பிறர் நற்பெயரைத் தனதாக்கிப் பயனடைதல்
- போட்டியாளரை இழிவுபடுத்துதல்
- வணிக இரகசியங்களை மீறுதல்

மிகக் கடுமையான மீறல்களுக்கு 700 வரி அலகுகள் வரை தண்டம் விதிக்கலாம்.

அரசும் இச்சட்டத்திற்கு உட்பட்டதாகும். அரசியலமைப்பின் 60 ஆம் பிரிவின்படி, வெளிப்படையான சட்ட அனுமதியும் உயர்ந்த பொதுநலனும் இருந்தால் மட்டுமே அரசு துணைநிலையில் வணிகம் செய்யலாம். இதை மீறி அரசு அமைப்பொன்று தொழில் நடத்துவது முறையற்ற போட்டியாகக் கருதப்படும். புனோ நகரின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எதிராக ஒரு கோழி உணவகம் தொடுத்த வழக்கில், இதனை ஆராயும் முறையைத் தீர்ப்பாயம் 2010 இல் வகுத்தது.

விமர்சனங்கள்

மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றம் இயற்றிய விதியை, தேர்ந்தெடுக்கப்படாத நிர்வாக அமைப்பொன்று செல்லாததாக்கலாமா என்பது நீண்டகால விவாதமாகும். உள்ளாட்சித் தன்னாட்சியை இது குறைக்கிறது என்பர் ஒரு சாரார். அதிகாரத்திடம் எளிதில் நீதி பெற இயலாத சிறுவணிகர்க்கு, நீதிமன்றத்திற்கு முன்னரே ஒரு வழி கிடைக்கிறது என்பர் மறுசாரார். மேலும், இச்சீர்திருத்தங்களால் மட்டும் முறைசாராத் தொழில் மறைந்துவிடவில்லை. 2020களின் தொடக்கத்திலும் பெருவின் உழைப்பாளர்களில் 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் முறைசாரா வேலைகளிலேயே இருந்தனர். வரி, தொழிலாளர் சட்டங்கள், குறைந்த உற்பத்தித்திறன் ஆகியவையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.